ஆற்றுத் தூண்டிலும் கடல் தூண்டிலும்

என் கணவருக்குக் காது ஒரே நாளில் போய்விடவில்லை. திருச்செங்கோட்டிலிருந்து வடக்கே போகிற போர்வெல் ரிக் வண்டி ஒன்றில் அவர் டிரில்லர். சத்தீஸ்கரிலும் ஒடிசாவிலும் அவர் போர்க்குழி போட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே எங்கள் கல்யாண வாழ்க்கையின் பாதி கழிந்துவிட்டது. ஊருக்கு வரும் ஒவ்வொரு முறையும் வீட்டில் டி.வி. சத்தம் கொஞ்சம் கூடும். அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். பயணக் களைப்பு என்று நினைத்துக்கொள்வேன். கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்றவருடைய காது நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டிருந்தது எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை.

ஒருநாள் துளைக்குள் ராடு இறக்கும்போது மேலே இருந்தவன் போட்ட கூச்சல் அவருக்குக் கேட்கவில்லை. கை நசுங்கியிருக்க வேண்டியது; தப்பியது. அன்றைக்கே ரிக்கை விட்டு இறங்கி ரயிலேறிவிட்டார். சேலத்தில் காது டாக்டரிடம் காட்டினோம். நரம்பு போனது போனதுதான் என்றார் அவர். காது மிஷின் எழுதிக் கொடுத்தார். மிஷினை மாட்டினால் குக்கர் விசில், என் தையல் மெஷின், மின்விசிறி எல்லாம் மண்டைக்குள் வந்து விழுந்தன. மனுசர் பேச்சு மட்டும் வரவில்லை. சில வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு கழற்றி பீரோவில் வைத்துவிட்டார்.

காதோடு பேச்சும் போகும் என்பது நான் எதிர்பார்க்காதது. தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று அவருக்கே தெரியாது. உறவுக்காரர் வீட்டு வளைகாப்பில் பக்கத்தில் இருந்தவர், "உங்க பொண்ணு தூத்துக்குடியில என்ன வேலைல இருக்குதுங்க?" என்று கேட்டார். இவர் பந்தியே திரும்பிப் பார்க்கிற சத்தத்தில், "இந்த வருசம் கடலை மூணு மூட்டைதானுங்க கெடச்சுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரித்தவர் யாருமில்லை. இவரும் கூடவே சிரித்தார். திரும்பி வரும் வழியில் மொபெட்டை ஓரமாக நிறுத்திவிட்டு, "எதுக்குப் புள்ள சிரிச்சாங்க?" என்று என்னைக் கேட்டார். மறைக்க வழியில்லை. சொன்னேன். அதற்குப் பிறகு அவர் எந்த விசேஷத்துக்கும் வரவில்லை. வீட்டுக்கு ஆள் வந்தால் தோட்டத்துப் பக்கம் போய்விடுவார். என்னிடமும் நாளுக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம்.

ஒடிசாவில் வேலையில்லாத நாட்களில் அணைக்கட்டு ஓரம் நின்று தூண்டில் போடுகிற பழக்கம் ரிக் பையன்களுக்கு உண்டு. அங்கே வாங்கிய ராடும் ரீலும் இவருடைய டிரங்குப் பெட்டிக்குள் கிடந்தன. வீட்டோடு வந்த அந்த வருடம் ஒரு காலையில் அதை எடுத்துத் துடைத்து, ரீலுக்கு எண்ணெய் விட்டு, புது தூண்டில் நரம்பு சுற்றினார். எங்கே போகிறார் என்று நான் கேட்கவில்லை. வீட்டை விட்டு வெளியே போகிறாரே, அதுவே போதும் என்றிருந்தது எனக்கு.

என் தையல் கடைக்கு வந்த ஒரு பெண்தான் அந்த நிம்மதியைக் கெடுத்தாள். இளம்பிள்ளைச் சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கக் கொடுத்துவிட்டு, "உங்க ஊட்டுக்காரரை ஜேடர்பாளையத்துப் பக்கம் பாத்தனுங்க. கதவணைக்குக் கீழ பாறை மேல நின்னு மீன் புடிச்சுட்டு இருந்தாரு" என்றாள்.

கையிலிருந்த ஊசி அப்படியே நின்றது. கதவணையில் ஷட்டர் தூக்கும் முன் சங்கு ஊதுவார்கள். ஆற்றில் குளிக்கிறவர்களும் துணி துவைக்கிறவர்களும் அந்தச் சங்குச் சத்தத்தை நம்பித்தான் இறங்குகிறார்கள். காது கேட்காத மனுசர் ஆற்றின் நடுவில், பாறை மேல்!

அன்று சாயங்காலம் அவர் எதிரில் நின்று, வாயசைவு தெரியும்படி நிறுத்தி நிறுத்திச் சத்தம் போட்டேன். "சங்கு ஊதினா உங்களுக்குக் கேக்குமாங்க? தண்ணி வந்தா என்ன பண்ணுவீங்க?"

"தண்ணியப் பாத்துக்கிட்டேதான நிக்கறேன்" என்றார்.

"நீங்க தக்கையப் பாப்பீங்க, தண்ணியப் பாக்க மாட்டீங்க. இனிமே போகாதீங்க."

"அங்கதான் புள்ள யாரும் எங்கிட்ட எதும் கேக்கறது இல்ல" என்றார். பிறகு, "அவ்ளோ பயமா இருந்தா நீயும் வந்து உக்காரு. சங்கு ஊதினா சொல்லு."

இப்படித்தான் நான் ஆற்றுக்குப் போக ஆரம்பித்தேன். காலையில் சோற்றை வடித்து வைத்துவிட்டு மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போவேன். கடை திறக்கும் நேரத்துக்கு வந்துவிடுவோம். முதலில் கரையில் உட்கார்ந்து கதவணையையே பார்த்துக்கொண்டிருப்பேன். சும்மா எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பது? மைதாவும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்து உருட்டிக் கொடுத்தேன். பிறகு ஒரு நாள், "குடுங்க, நானும் போட்டுப் பாக்கறேன்" என்றேன். எனக்கென்று ஒரு ராடும் வாங்கிக் கொடுத்தார். மண்புழுவைத் தொட மட்டும் இன்றைக்கு வரை எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆறு ஒரே மாதிரி இருப்பதில்லை என்பது வருடம் முழுக்க அதன் எதிரில் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. மேட்டூர் அணை திறந்த செய்தி பேப்பரில் வரும் காலையிலேயே எங்கள் தண்ணீர் பால் குறைந்த டீ நிறத்துக்கு மாறியிருக்கும். அந்தத் தண்ணீரில் மீனுக்குக் கண் தெரியாது. பிளாஸ்டிக் மீனையோ ரப்பர் தவளையையோ இழுத்துக் காட்டினால் ஒன்றும் சீண்டாது. கரையோரம் சுழல் அடங்கிய இடத்தில் ஈயக்குண்டு கட்டி, வாசம் அடிக்கிற கோழிக்குடலைப் போட்டால் கெளுத்தி மாட்டும். வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளியத் தொடங்கும் நாட்கள்தான் நல்ல நாட்கள். கோரை ஓரங்களில் விரால் காத்திருக்கும். ரப்பர் தவளை பொத்தென்று விழுந்து இரண்டு தத்து தத்துவதற்குள் தண்ணீர் உடையும். சித்திரை, வைகாசியில் பாறையெல்லாம் வெளியே தெரிய, வெயில் ஏறுவதற்கு முன்னால் ஏதாவது கிடைத்தால் உண்டு. ஏறிவிட்டால் ஜிலேபி மீன்கூட நிழலை விட்டு வராது. ஐப்பசி மழையில் ஓடைத் தண்ணீர் ஆற்றில் சேரும் இடத்தில் மட்டும் மீன் கூட்டமாக நிற்கும். புரட்டாசியில் எங்கள் வீட்டில் மீன் கிடையாது. அந்த மாதம் பிடித்ததையெல்லாம் கொக்கியைக் கழற்றி ஆற்றிலேயே விடுவார். வயிற்றுக்குப் பிடித்த மாதங்களை விட அந்த மாதத்தில்தான் அவர் முகம் அதிகமாக மலர்ந்திருந்ததாக எனக்குத் தோன்றும்.

அங்கே அவருக்குக் காது தேவைப்படவில்லை. நரம்பை ஆள்காட்டி விரலில் ஏற்றி வைத்திருப்பார். கெண்டை தொட்டுப் பார்ப்பது, கெளுத்தி விழுங்குவது, நண்டு கிள்ளுவது எல்லாம் அந்த விரலுக்கு வேறு வேறாகத் தெரியும். ஆற்றுச் சத்தத்தில் என் குரலும் எடுபடாது என்பதால் எங்களுக்குள் கைப்பேச்சு ஒன்று வந்துவிட்டது. உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தால் நரம்பைத் தளர்த்து. முஷ்டி மடக்கினால் இழு. மூக்கைத் தொட்டால் கிளம்பலாம், கடைக்கு நேரமாகிறது. வீட்டிலும் அதுவே தொற்றிக்கொண்டது. காபி வேண்டுமா என்று கத்துவதை விட்டேன். நான் கத்தாததால் அவரும் என்னைப் பார்க்கத் தொடங்கினார்.

ஆடி பிறக்கும் முன்பே காற்று ஆரம்பித்துவிட்ட ஒரு வருடம். ஷட்டர்கள் மூடியிருந்தன, ஆற்றில் கணுக்கால் தண்ணீர். இருவரும் நடுப்பாறை வரை நடந்து போய் நின்றோம். மேற்கிலிருந்து காற்று சேலையைப் பிடுங்கியது. சிறிது நேரத்தில் என் நரம்பு விறைத்தது. அதுவரை நான் பிடித்ததெல்லாம் கையகல மீன்கள். இது ராடை வில்லாக வளைத்து, பாறைக்கு அப்பாலிருந்த மடுவின் ஆழத்துக்கு இழுத்தது. ரீல் கிறீச்சிட்டு ஓடியது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏனுங்க, ஏனுங்க!" என்று கத்தினேன். அவருக்குக் கேட்காது என்பதுகூட மறந்துவிட்டது.

அவர் திரும்பினார். ஆனால் என் ராடைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தார். அடுத்த நொடி இடுப்பிலிருந்த கத்தியை எடுத்து என் நரம்பை அறுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கையைப் பிடித்துத் தரதரவென்று கரைக்கு இழுத்துப் போனார். முழங்கால் தண்ணீர், தொடை தண்ணீர், கடைசியில் ஒரு வேலமரத்து வேரைப் பிடித்து ஏறினோம். ஏறி நின்று திரும்பிப் பார்த்தால் நாங்கள் நின்ற பாறை இல்லை. அது இருந்த இடத்தில் நுரைதான் சுழன்றது. என் செருப்பும் மைதா டப்பாவும் எங்கே போயினவோ.

கரையில் எருமை மேய்த்துக்கொண்டிருந்தவர் ஓடி வந்தார். "ஏனுங்க, அத்தன தடவ சங்கு ஊதுச்சுங்களே, கேக்கலீங்களா?" என்றார் என்னைப் பார்த்து.

எனக்குக் கேட்கவில்லை. எதிர்க்காற்று அந்தச் சத்தத்தை வேறு பக்கம் கொண்டுபோயிருந்தது. நனைந்த சேலையோடு கணவரிடம் திரும்பி, சங்கு ஊதுவது போல் வாயில் கை வைத்துக் காட்டி, இல்லை என்று தலையாட்டினேன்.

அவர் கண்ணை அகல விரித்தார். "உனக்குமா கேக்கல?"

ஆமாம் என்றேன்.

"உன்னக் காவலுக்குன்னு கூட்டிட்டு வந்தேனே!" என்று அவர் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். எருமைக்காரர் எங்களைப் பைத்தியங்களைப் போலப் பார்த்தார். எனக்கு முதலில் அழுகைதான் வந்தது. ஆனால் அவர் அப்படிச் சத்தமாகச் சிரித்து எத்தனை காலமாயிற்று! நானும் சிரித்துவிட்டேன். பாறைக் குழிக்குள் காய்ந்த இலைகள் திடீரென்று மிதந்து வந்ததாம், அதைப் பார்த்துத்தான் தண்ணீர் ஏறுவது தெரிந்ததாம். அன்றிலிருந்து ஆற்றுக்குள் இறங்குவதில்லை, கரையிலிருந்துதான் தூண்டில் என்று இருவரும் முடிவு செய்தோம்.

அதற்கு அடுத்த தை மாதத்தில் மகள் போன் செய்தாள். எங்களுக்கு ஒரே பெண். தூத்துக்குடியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். கூட வேலை பார்க்கிற பையனைக் கட்டிக்கொள்ள விரும்புவதாகச் சொன்னாள். பையன் லேப் டெக்னீசியன். கடற்கரை ஊர்க்காரன். அவன் அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு வள்ளம், மீன் பிடிக்கிற படகு, உண்டு. ஆழ்கடலில் தூண்டில் போட்டு மீன் பிடிப்பவர். "வேற சாதி, வேற சாமிம்மா. மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. அப்பாகிட்ட நீயே சொல்லு. போன்ல என்னால சொல்ல முடியாது" என்று அழுதாள்.

போனில் சொல்ல முடியாது என்பது உண்மைதான். ஆனால் வீட்டில் மட்டும் எப்படிச் சொல்வது? காது கேட்காதவரிடம் ரகசியம் பேச முடியாது. நான் சொன்னால் தெருமுனை வரைக்கும் கேட்கும். கைப்பேச்சில் சொல்கிற சேதியும் இல்லை இது. இரண்டு நாள் மனதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் ஆற்றங்கரையில், தண்ணீர் இரைச்சலுக்கு நடுவில், அவர் பக்கத்தில் போய் நின்று எல்லாவற்றையும் கத்திச் சொன்னேன். கேட்க யாருமில்லை. சாதியைச் சொன்னேன், சாமியைச் சொன்னேன், பையன் வேலையைச் சொன்னேன், அவன் அப்பா தொழிலைச் சொன்னேன்.

அவர் நரம்பைச் சுற்றி எடுத்தார். புழு போயிருந்தது. புதிதாக ஒன்றைக் கோத்து மறுபடி வீசினார். தக்கை ஆடி நிற்கும் வரை அதையே பார்த்தார்.

"கடல்ல தூண்டிலா?" என்றார். "வலை இல்லியா?"

"தூண்டில்தானாம்."

"என்ன மீனு?"

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "மீனா இப்ப முக்கியம்? உங்க அண்ணன் தம்பியெல்லாம் என்ன சொல்லுவாங்க? நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "அண்ணன் தம்பி பேசறது எனக்குக் கேக்கவா போகுது? புள்ள நல்லா இருந்தாச் சரி. ஆனா நான் அங்க வந்து என்ன பண்ண? எதிர்ல உக்காந்து பேசோணும். அவங்க ஒண்ணு கேப்பாங்க, நான் ஒண்ணு சொல்லுவேன். சாமிக்குத்தான் அசிங்கம்." மகளை அவர் சாமி என்றுதான் கூப்பிடுவார். "நீயும் உங்கண்ணனும் போயிட்டு வாங்க."

என் அண்ணன் விஷயத்தைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார். பிறகு எடுக்கவில்லை. அப்பா வராமல் கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று மகள் பிடிவாதமாகச் சொன்னாள். "அப்பாவுக்குக் காது கேக்காதுன்னு அவங்க ஊட்டுல எல்லாருக்கும் தெரியும்மா. வரச் சொல்லு." அவள் அனுப்பிய வீடியோவை அவருக்குக் காட்டினேன். அதில் அவள் கும்பிட்டு, "அப்பா வாங்க" என்று மட்டும் வாயசைத்தாள். அவர் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பங்குனியில் நாமக்கல்லில் பஸ் ஏறி மதுரையில் மாறிப் போனோம். ராடைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

தூத்துக்குடிக்குத் தெற்கே கடலை ஒட்டிய ஊர். பையன் வீட்டில் கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். பையனின் அம்மா நல்ல மாதிரி. என் கையைப் பிடித்துக்கொண்டே பேசினாள். அப்பா உயரமான, கறுத்த மனிதர். வெயில் பட்டுப் பட்டுக் கண்ணோரம் சுருங்கியிருந்தது. அவர் என் கணவரைப் பார்த்து ஏதேதோ கேட்டார். அந்த ஊர்ப் பேச்சு வேகம் எனக்கே பாதிதான் பிடிபட்டது. நான் திரும்பி இவருக்குக் கத்தினேன். இவர் முழங்காலைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க, ஆமாங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். வழியில் சாப்பிட்டீர்களா என்பதற்கும் ஆமாங்க, எத்தனை ஏக்கர் என்பதற்கும் ஆமாங்க. மகள் கதவோரம் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவரை அப்படியே எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் போலிருந்தது.

பையனின் அப்பா பேச்சை நிறுத்தினார். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த துணிப்பையைப் பார்த்தார். எழுந்து போய் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என் கணவரிடம் ராடு வீசுவது போலக் கையைக் காட்டினார். கேள்வியாகப் புருவத்தை உயர்த்தினார்.

இவர் முதல் முறையாக நிமிர்ந்தார். "ஆமாங்க" என்றார். அந்த ஆமாங்க சரியான இடத்தில் விழுந்தது.

"காத்து கெடக்கு, இன்னைக்கு வெளிய போவ முடியாது" என்று பையனின் அப்பா என்னிடம் சொன்னார். "கரையில நின்னு போடுவோம். வரச் சொல்லுங்க."

நான் சொல்வதற்குள் இவர் பையைத் தூக்கிக்கொண்டார்.

கடல் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டி வளைத்துக் கட்டியிருந்த இடத்துக்குப் போனோம். தூண்டில் வளைவு என்றுதான் அதற்குப் பெயராம். பெயரைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. தெற்குக் காற்று ஓங்கி அடித்தது. அலை கல்லில் மோதி மேலே தெறித்தது. கரைத் தண்ணீர் கலங்கி, எங்கள் ஆற்று வெள்ளம் போலவே பழுப்பாக இருந்தது. இவர் வீசிய ஈயக்குண்டைக் காற்று திருப்பிக் கொண்டுவந்து காலடியில் போட்டது. இரண்டாவது வீச்சும் அப்படியே. பையனின் அப்பா இவர் தோளைப் பிடித்துத் திருப்பி, வளைவின் உள்பக்கத்தைக் காட்டினார். அங்கே காற்று மறைந்து தண்ணீர் அடங்கியிருந்தது. கவிழ்த்த கையை இடுப்பிலிருந்து நெஞ்சு வரை உயர்த்தி, பிறகு இரண்டு விரலை மீன் போல ஆட்டினார். தண்ணீர் ஏறும்போதுதான் மீன் கல்லை ஒட்டி வரும் என்று அர்த்தம். இவருக்கு உடனே புரிந்தது. எனக்குப் புரிய நேரம் பிடித்தது. இருட்டுவதற்குள் இரண்டு சின்னப் பாறை மீன் கிடைத்தது. நடுவில் ஒன்று கொக்கியில் மாட்டி, வானத்தில் துள்ளி, நரம்பை அறுத்துக்கொண்டு போயிற்று. "ஊளி, ஊளி! பல்லு ரம்பம் மாதிரி இருக்கும்" என்று பையனின் அப்பா கத்தினார். தன் பல்லைக் காட்டி நரம்பைக் கடிப்பது போல் செய்தார். இவர் தலையில் கை வைத்துச் சிரித்தார்.

மறுநாள் விடிவதற்கு முன்பே காற்று படுத்துவிட்டது. "வள்ளத்துல போவோம். அவுகளுக்கு எதாவது சொல்லணும்னா நீங்க வேணும்லா, நீங்களும் வாங்க" என்றார் பையனின் அப்பா. நான் கடலைக் கரையிலிருந்துகூட அதிகம் பார்த்ததில்லை. ஆனாலும் ஏறினேன். எஞ்சின் கிளம்பியதும் அந்த டீசல் சத்தம் எலும்புக்குள் இறங்கியது. கரைத் தண்ணீர் பச்சையாகி, பச்சை நீலமாகி, நீலம் கறுத்தது. அதோடு என் வயிறும் புரண்டது. வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தேன். பிறகு பலகையில் சாக்கு விரித்துச் சுருண்டு படுத்துவிட்டேன். மொழிபெயர்க்க வந்தவள் தலையைக்கூடத் தூக்க முடியாமல் கிடந்தேன்.

படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் சத்தத்தில் அங்கே யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. பையனின் அப்பாவும் அவரோடு வந்த ஆளும் ஆரம்பத்திலிருந்தே கையால்தான் பேசிக்கொண்டார்கள். திருப்பு, மெதுவாக, அங்கே பறவை, நங்கூரம். என் கணவர் ரிக்கில் இருபது வருடம் பேசிய பாஷை அது. யாரும் அவருக்காக எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. கடலுக்கடியில் பாறைத் திட்டு இருக்கும் இடம் வந்ததும் எஞ்சினை அணைத்தார்கள். அப்போது பையனின் அப்பா இவர் எதிரில் உட்கார்ந்து, தன் வலது காதைத் தட்டிக் காட்டி, கையை விரித்தார். எஞ்சினைக் காட்டினார். மறுபடி காதைக் காட்டினார்.

"போச்சுங்களா?" என்றார் என் கணவர்.

"போச்சு. இது மட்டுந்தான் மிச்சம்" என்று இடது காதைக் காட்டினார் அவர்.

இவர் தன் இரண்டு காதையும் தொட்டுவிட்டு, பாறையைத் துளைக்கும் டிரில் போல முஷ்டியைச் சுழற்றிக் காட்டினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்கள். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

ராடை அங்கே யாரும் பயன்படுத்தவில்லை. வெறுங்கையில் தங்கூசி என்கிற நைலான் நரம்பு, முனையில் கணவாய் மீன் துண்டு. அது ஆழம் தேடிப் போய்க்கொண்டே இருந்தது. நீரோட்டம் நரம்பைச் சாய்த்தது. கூடுதல் ஈயம் கட்டினார்கள். இவர் நரம்பை வழக்கம்போல ஆள்காட்டி விரலில் ஏற்றி வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் சட்டென்று கையை மேலே வெட்டி இழுத்தார். பையனின் அப்பா எழுந்து நின்றுவிட்டார். உதவிக்கு நீண்ட கையை அப்படியே பின்னால் எடுத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அது என் கணவருடைய மீன் என்று விட்டுவிட்டார். நரம்பு உள்ளங்கையைக் கிழித்தது, ரத்தம் வந்தது. விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்து, கடைசியில் வெள்ளியாகத் தகதகவென்று பெரிய பாறை மீன் ஒன்று வள்ளத்துக்குள் விழுந்து என் காலடியில் அடித்துக்கொண்டது.

"சம்பந்தி!" என்று கத்தினார் பையனின் அப்பா, இவர் முதுகில் ஓங்கித் தட்டி. இவர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வார்த்தை என்னவென்று அவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் சாக்கின் மேல் கிடந்தபடி என்னவோ ஒரு சின்ன வலியும் இருந்தது. இவ்வளவு நாள் இந்த மனுசருக்குக் காதாக நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். நான் இல்லாமலே அவருக்கு ஒரு சிநேகிதர் கிடைத்துவிட்டார். வாந்தி வாடையோடு படுத்துக்கொண்டு அழுதேன். கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. எங்கள் பக்கத்தில் வராதவர்கள் வரவில்லை. என் அண்ணன் மட்டும் தாலி கட்டும் நேரத்துக்கு வந்து பின் வரிசையில் நின்றுவிட்டு, சாப்பிடாமல் போனார். மேடையில் இவரும் சம்பந்தியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். வந்தவர்கள் பேசியதில் பாதி ஒருவருக்குக் கேட்கவில்லை, முழுதும் மற்றவருக்குக் கேட்கவில்லை. இருவரும் எல்லோரையும் கும்பிட்டு, "சாப்பிட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரும் குறை சொல்லவில்லை.

போன மாசியில் சம்பந்தி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வந்த அன்றே ஆற்றைப் பார்க்க வேண்டுமென்றார். ஆறு தெளிந்து மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டி, கரையோரம் கையில் தண்ணீர் அள்ளிக் குடித்துவிட்டு, "இம்புட்டு நல்ல தண்ணியிலயா மீன் கெடக்கு?" என்று என்னிடம் கேட்டார். காலை முழுக்க உட்கார்ந்தும் அவருக்குக் கையகல ஜிலேபி ஒன்றுதான் விழுந்தது. அதைக் கொக்கியோடு தூக்கிப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"நாங்க இதத் தூண்டிலுக்கு எரையாத்தான் போடுவோம்" என்றார்.

என் கணவருக்கு அது கேட்கவில்லை. ஆனால் சம்பந்தியின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, "வறுத்தா நல்லா இருக்குமுங்க, எடுத்துட்டு வாங்க" என்றார். மீனை ஈரத் துணியில் சுற்றி என் கூடையில் போட்டார்கள். இதற்குள் நான் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த மொபெட்டில் முன்னால் போய் அடுப்பைப் பற்றவைத்தேன். உச்சி வெயில் ஏறிய பிறகும் கரையிலேயே கையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, அவர்கள் இருவரும் வெகு நேரம் கழித்துத்தான் பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள்.